நெய்வேலிக்கு ஒரு சொந்தப் பாட்டு!

நெய்வேலி மண்ணுக்கு அடியில் இருந்து பழுப்பு நிலக்கரி வருகிறது. அந்தக் கரியில் இருந்து மின்சாரம் வருகிறது. அந்த மின்சாரம் தமிழ்நாட்டுக்குப் போகிறது. அண்டை மாநிலங்களுக்கும் போகிறது. அதனால் விளக்கு எரிகிறது. மின்விசிறி சுற்றுகிறது. பாட்டுப் பெட்டி பாடுகிறது.

அந்தப் பெட்டியில் நெய்வேலியின் பாட்டு என்று ஒன்று கேட்கிறதா?

சுரங்கத்தில் இறங்கும் மனிதனைப் பற்றிய பாட்டு. இரவு வேலைக்குப் போன கணவனுக்காகக் காத்திருக்கும் மனைவியைப் பற்றிய பாட்டு. நிலத்தைக் கொடுத்துவிட்டு வேறு ஊர் போன குடும்பத்தைப் பற்றிய பாட்டு. இப்படி ஊரார் எல்லோரும் அறிந்து பாடும் பாட்டு எது? கேட்டுப் பார்த்தால் பதில் சொல்லப் பலரும் தயங்குவார்கள்.

மின்சாரம் கொடுக்கும் ஊர் பாட்டை மட்டும் வெளியில் இருந்தே வாங்கிக்கொண்டிருக்கலாமா?

கூடாது. நெய்வேலியில் பிறந்து வளர்ந்த ஒரு வாலிபரோ, பெண்ணோ கிதார் எடுத்து, தன் ஊர்க் கதையைத் தன் சொல்லில், தன் மெட்டில் பாட வேண்டும். அதற்கு ஊர் துணை நிற்க வேண்டும். இது வெறும் பொழுதுபோக்கு அல்ல. ஓர் ஊரின் நினைவைக் காப்பாற்றும் காரியம்.

பாட்டு இல்லாத வேலை இல்லை

தமிழன் பாடாமல் வேலை செய்தது இல்லை. நாற்று நட நடவுப் பாட்டு. நெல் குத்த உலக்கைப் பாட்டு. பிள்ளை தூங்கத் தாலாட்டு. இறந்தவருக்கு ஒப்பாரி.

கிணற்றில் நீர் இறைக்க ஏற்றப் பாட்டு. ஏற்றப் பாட்டு வெறும் அழகுக்கு அல்ல. எத்தனை சால் இறைத்தோம் என்ற கணக்கு அந்தப் பாட்டிலேயே இருக்கும். மேலே நடப்பவனும் கீழே சால் பிடிப்பவனும் ஒரே வேகத்தில் அசைய அந்தப் பாட்டே தாளம். பாட்டு நின்றால் வேலை தடுமாறும்.

நெய்வேலியின் கதையும் கிணற்றில்தான் தொடங்குகிறது. 1935-ம் ஆண்டு வாக்கில் ஜம்புலிங்க முதலியார் என்பவர் தம் நிலத்தில் கிணறு தோண்டினார். தண்ணீரோடு கறுப்புத் துகள்களும் வெளிவந்தன. அது நிலக்கரி என்று பின்னால் தெரிந்தது.

நெய்வேலியில் நிலத்தடி நீர் மிகுந்த அழுத்தத்தோடு நிற்கிறது. துளை போட்டால் தானாகவே பொங்கி எழும். அந்த நீரை ஓயாமல் பம்பு வைத்து இறைத்தால்தான் நிலக்கரியை வெட்ட முடியும். முன்பு மனிதன் பாடிக்கொண்டே நீர் இறைத்தான். இப்போது பம்பு இறைக்கிறது. பம்பு பாடாது! மண்ணை வாரும் ராட்சதச் சக்கர இயந்திரமும் பாடாது. அதன் இரைச்சலில் மனிதன் பாடினாலும் கேட்காது.

சுரங்கம் வந்தபோது பழைய வேலைப் பாட்டு நின்றுபோனது. அதன் இடத்தில் புதுப் பாட்டு பிறந்திருக்க வேண்டும்.

இரண்டு முகம் கொண்ட ஊர்

1956-ம் ஆண்டு நவம்பரில் நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் ஏற்பட்டது. 1957-ம் ஆண்டு மே 20-ந் தேதி பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். காமராஜர் அப்போது முதல்-அமைச்சர். 1961-ம் ஆண்டு நிலக்கரி கண்ணில் பட்டது. 1962-ம் ஆண்டு ரஷ்ய உதவியோடு கட்டிய அனல் மின் நிலையம் மின்சாரம் தரத் தொடங்கியது.

முந்திரிக்காடும் புஞ்சையுமாக இருந்த இடத்தில் ஒரு நகரம் எழுந்தது. நேரான சாலைகள், மர நிழல், பள்ளிக்கூடங்கள், ஆஸ்பத்திரி. வட்டம் வட்டமாக எண். "எந்த வட்டம்?" என்பதுதான் அங்கே ஒருவரை ஒருவர் கேட்கும் முதல் கேள்வி. தமிழ்நாட்டின் எல்லா மாவட்டத்தாரும் அங்கே உண்டு. தெலுங்கர், மலையாளிகள், வடநாட்டார் உண்டு. வில்லுடையான்பட்டு முருகன் கோயில் பங்குனி உத்திரத்தில் எல்லோரும் ஒன்றாகக் கூடுவார்கள்.

இது ஒரு முகம். இதில் பெருமை இருக்கிறது.

இன்னொரு முகமும் உண்டு. சுரங்கம் இருந்த இடத்திலேயே நிற்காது. மண்ணைத் தின்றுகொண்டே நகரும். நகரும் வழியில் வயல் இருக்கும், வீடு இருக்கும், குலதெய்வக் கோயில் இருக்கும். அவற்றைக் கொடுத்துவிட்டுப் பெயர்ந்த கிராமங்கள் பல. நிரந்தர வேலை கேட்டு ஆண்டுக்கணக்காகக் குரல் கொடுத்த ஒப்பந்தத் தொழிலாளர்களும் பலர். 2023-ம் ஆண்டு ஜூலையில் வளையமாதேவி பகுதியில் கால்வாய் வெட்டுவதற்காகப் பயிர் நின்ற வயலில் இயந்திரங்கள் இறங்கின. விவசாயிகள் கொதித்தார்கள். வழக்கு ஐகோர்ட்டுக்குப் போனது.

வழக்கைக் கோர்ட்டு பார்க்கும். நஷ்ட ஈட்டை அதிகாரிகள் கணக்கிடுவார்கள். அந்த வயலின் பெயரை, அந்தக் கிணற்றடியில் நடந்த பேச்சை, அந்த வேப்பமரத்தின் நிழலை யார் எழுதி வைப்பார்கள்? அரசாங்கக் குறிப்பேட்டில் சர்வே எண் இருக்கும். வாழ்க்கை இருக்காது. வாழ்க்கையைக் காப்பாற்றி வைக்கும் பெட்டி பாட்டு ஒன்றுதான்.

கிதாரும் கரியும்

உலகில் வேறு சுரங்க ஊர்கள் என்ன செய்தன? ஒன்றைப் பார்ப்போம்.

அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா நிலக்கரிக்குப் பெயர் போன மாநிலம். அங்கே ஸ்லாப் ஃபோர்க் என்ற சின்னஞ்சிறு சுரங்க ஊரில் 1938-ம் ஆண்டு ஒரு நீக்ரோ குடும்பத்தில் பில் விதர்ஸ் பிறந்தார். (நீக்ரோ என்பது அந்தக் காலத்து வார்த்தை. இன்று கறுப்பின மக்கள் என்று சொல்வதே மரியாதை.) தந்தை சுரங்கத் தொழிலாளி. பில் விதர்சுக்கு 13 வயதாகும்போது தந்தை இறந்துபோனார். பையனுக்குத் திக்குவாய் வேறு.

வளர்ந்ததும் கடற்படையில் சேர்ந்தார். 9 ஆண்டுகள் வேலை பார்த்தார். பிறகு லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குப் போய் விமான உறுப்புகள் செய்யும் தொழிற்சாலையில் கூலிக்கு உழைத்தார். மிச்சம் பிடித்த காசில் பாடிப் பதிவு செய்தார். 1971-ம் ஆண்டு அவருடைய முதல் இசைத்தட்டு வந்தபோது அவருக்கு வயது 30-ஐத் தாண்டிவிட்டது. அந்த இசைத்தட்டின் அட்டைப் படத்தில் தொழிற்சாலை வாசலில் நிற்கிறார். கையில் சாப்பாட்டுப் பெட்டி!

1972-ம் ஆண்டு அவர் வெளியிட்ட 'லீன் ஆன் மீ' என்ற பாட்டு அமெரிக்கா முழுவதும் முதல் இடம் பிடித்தது. அதன் கருத்து மிக எளியது. சோர்ந்து போனால் பக்கத்து வீட்டுக்காரர் தோளில் சாய்ந்துகொள்ளலாம் என்பதே. அது அவர் எங்கோ படித்த தத்துவம் அல்ல. நிலக்கரி ஊரில் ஒருவருக்கொருவர் கைமாற்றாக அரிசியும் ஆதரவும் கொடுத்து வாழ்வார்களே, அந்த வாழ்க்கைதான் பாட்டாயிற்று.

அவர் பாடிய முறைக்கு 'சோல்' என்று பெயர். ஆன்மா என்று பொருள். கறுப்பின மக்கள் மாதா கோயிலில் உருகிப் பாடும் பாட்டில் இருந்து வளர்ந்தது அது. அதோடு நாட்டுப்பாட்டின் எளிமையைச் சேர்த்து, மரக் கிதாரை மீட்டிப் பாடினார் பில் விதர்ஸ். 2020-ம் ஆண்டு 81-வது வயதில் மறைந்தார். பாட்டு மறையவில்லை.

ஒரு கரி ஊரின் பாசத்தை உலகமே பாடுகிறது. நெய்வேலியின் வட்டங்களில் அந்தப் பாசம் இல்லையா? ஒரு வீட்டில் துக்கம் என்றால் நாலு வீட்டில் இருந்து சோறு வருவது அங்கேயும் வழக்கம்தானே!

தீவில் பிறந்த தாளம்

இன்னொரு நாடு ஜமைக்கா. அமெரிக்கக் கண்டத்துப் பக்கம் உள்ள தீவு. கரும்புத் தோட்டத்தில் வேலை செய்ய ஆப்பிரிக்காவில் இருந்து அடிமைகளைக் கொண்டுபோன இடம். அடிமை முறை ஒழிந்த பிறகு, 1845-ம் ஆண்டு முதல் இந்தியாவில் இருந்தும் ஒப்பந்தக் கூலிகள் அங்கே கப்பல் ஏறினார்கள். அங்கேயும் சுரங்கம் உண்டு. அலுமினியம் செய்ய உதவும் பாக்சைட் என்ற செம்மண்ணைத் தோண்டி எடுக்கிறார்கள்.

அந்தத் தீவின் ஏழைச் சேரிகளில் 1960-களின் கடைசியில் பிறந்த இசைக்கு 'ரெகே' என்று பெயர். அதன் ரகசியம் தாளத்தில் இருக்கிறது. சும்மா கையைத் தட்டிப் பாருங்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. மற்றப் பாட்டுகளில் கை விழும் இடத்தில் கிதாரும் விழும். ரெகேயில் கை விழும்போது கிதார் சும்மா இருக்கும். இரண்டு தட்டுக்கும் நடுவே உள்ள சந்தில் 'சக்' என்று அடிக்கும். அதனால் பாட்டு அவசரப்படாமல் அசைந்து அசைந்து நடக்கும்.

இது தமிழருக்குப் பிடிபடாத வித்தை அல்ல. தாளம் விழுந்த பிறகு சற்றுத் தள்ளிப் பாட்டை எடுப்பதை நம் சங்கீத வித்வான்கள் அனாகத எடுப்பு என்று சொல்வார்கள்.

ரெகேயை உலகம் எங்கும் கொண்டுபோனவர் பாப் மார்லி. 1945-ம் ஆண்டு ஒரு மலைக் கிராமத்தில் பிறந்தவர். பெரிய வாத்தியக் குழுவோடு பாடி வந்த அவர், 1980-ம் ஆண்டு 'ரிடெம்ப்ஷன் சாங்' என்ற பாட்டை மட்டும் தனியாகப் பாடினார். மத்தளம் இல்லை. பின்பாட்டு இல்லை. ஒரு கிதார், ஒரு குரல். அவ்வளவுதான்! அடிமைப்பட்டவன் மனத்தளவிலும் விடுதலை பெற வேண்டும் என்பது அதன் சாரம். தன் நாட்டுத் தலைவர் மார்க்கஸ் கார்வி 1937-ம் ஆண்டு பேசிய பேச்சில் இருந்து அந்தக் கருத்தை எடுத்துக்கொண்டார். அப்போது அவரைப் புற்றுநோய் அரித்துக்கொண்டிருந்தது. 1981-ம் ஆண்டு 36-வது வயதில் காலமானார்.

சேரியில் பிறந்த அந்த ரெகே இசையை 2018-ம் ஆண்டு யுனெஸ்கோ மனித குலத்தின் கலைச் செல்வங்களில் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது. சொந்தக் கதையை உண்மையாகச் சொன்னதால் வந்த மரியாதை இது.

நம்மிடம் இல்லாததா?

"கிதார், ரெகே, சோல் எல்லாம் மேல்நாட்டுச் சரக்கு. நமக்கு எதற்கு?" என்று சில பெரியவர்கள் கேட்கலாம்.

பிடில் எங்கிருந்து வந்தது? மேல்நாட்டில் இருந்து வந்ததுதான். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் அதைக் கற்று நம் சங்கீதத்துக்குக் கொண்டுவந்தார். இன்று பிடில் இல்லாத கச்சேரி உண்டா? ஆர்மோனியமும் அப்படி வந்ததே. வாத்தியத்துக்கு ஜாதி இல்லை, தேசம் இல்லை. யார் கையில் இருக்கிறது, எந்தக் கதையைச் சொல்கிறது என்பதே முக்கியம்.

தானே எழுதி, தானே மெட்டமைத்து, தானே பாடும் வழக்கமும் நமக்குப் புதிதல்ல. சங்க காலத்துப் பாணர்கள் யாழைத் தோளில் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள்.

சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் வாழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியாரை எடுத்துக்கொள்ளுங்கள். நந்தனார் சரித்திரத்தைக் கீர்த்தனையாகப் பாடியவர் அவர். பெரிய புராணத்தில் இல்லாத ஒரு பண்ணையாரை அவர் தம் கதையில் படைத்தார். வயல் வேலையை முடித்துவிட்டுத்தான் சிதம்பரம் போகலாம் என்று நந்தனாரைத் தடுப்பவர் அந்தப் பண்ணையார். அதாவது, லீவு கேட்ட ஒரு கூலியாளின் ஏக்கத்தைப் பாரதியார் பாட்டாக்கினார்! ராகமும் வைத்தார், சிந்தும் கும்மியும் போன்ற நாட்டு மெட்டுகளையும் கலந்தார். அந்தச் சிதம்பரம் இருப்பது நெய்வேலி இருக்கும் அதே கடலூர் மாவட்டத்தில்தான்.

கர்நாடக சங்கீதத்தில் நெய்வேலி சந்தானகோபாலன் தம் பெயரோடு ஊர்ப் பெயரையும் சேர்த்து உலகம் எங்கும் கொண்டுபோனார். ஊர்ப் பெயர் மேடை ஏறிவிட்டது. இனி ஊர்க் கதையும் ஏற வேண்டும்.

"சினிமாப் பாட்டு போதாதா?" என்று கேட்பவர்களும் உண்டு. சினிமாப் பாட்டில் சிறந்தவை ஏராளம். அவை படத்தின் கதைக்காக எழுதப்படுபவை. கதாநாயகனின் காதலுக்கு அங்கே இடம் உண்டு. ஓய்வு பெற்ற ஆபரேட்டரின் மனத்துக்கு அங்கே இடம் கிடைப்பது அருமை.

பாட்டியின் கதை பாடிய பேரன்

நம் நாளிலேயே இதைச் செய்து காட்டியவர் அரக்கோணத்து வாலிபர் அறிவு. என்ஜினீயரிங் படித்தவர். கிதார் பாடகர் அல்ல. வார்த்தைகளைச் சரம் சரமாக அடுக்கிப் பேச்சும் பாட்டுமாகச் சொல்லும் 'ராப்' முறையில் தேர்ந்தவர். 2018-ம் ஆண்டு டைரக்டர் பா.ரஞ்சித் முயற்சியில் மேடை ஏறிய 'கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவில் பாடிப் பெயர் பெற்றார்.

அவருடைய பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டுத் தமிழ்நாட்டுக்குத் திரும்பியவர். தலைமுறை தலைமுறையாக அங்கே உழைத்த தமிழர்களில் 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று 1964-ம் ஆண்டு சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தம் ஆயிற்று. கணக்கில் அது ஓர் எண். ஒவ்வொரு குடும்பத்துக்கும் அது ஒரு கண்ணீர்க் கதை. மலையைப் பொன்னாக்கியவர்களுக்கு ஒரு காணி நிலம்கூடச் சொந்தம் இல்லை.

அந்த வலியைத்தான் அறிவு எழுதினார். சந்தோஷ் நாராயணன் இசையில், தீ என்ற பாடகியோடு சேர்ந்து பாடினார். 2021-ம் ஆண்டு மார்ச் மாதம் 'எஞ்சாயி எஞ்சாமி' வெளிவந்தது. எந்தச் சினிமாவிலும் இல்லாத பாட்டு அது. ஆனாலும் கோடிக்கணக்கானவர்கள் கேட்டார்கள். தமிழ் தெரியாத நாடுகளிலும் ஆடினார்கள். அதில் ஒப்பாரியின் குரலும் இருக்கிறது. குலவையின் துள்ளலும் இருக்கிறது.

தோட்டத்தை விட்டு வந்தவளின் கதையும், சுரங்கத்துக்கு நிலத்தை விட்டு வந்தவளின் கதையும் அக்காள் தங்கை போன்றவை. ஒன்று பாட்டாகிவிட்டது. மற்றொன்று காத்திருக்கிறது.

பாடியவனுக்குப் பலன் உண்டா?

அந்தப் பாட்டின் கதையில் ஒரு கசப்பும் உண்டு. 2022-ம் ஆண்டு சென்னையில் நடந்த செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு ஒலித்தது. அறிவு அந்த மேடையில் இல்லை. அதைத் தொடர்ந்து, பாட்டில் யாருடைய உழைப்பு எவ்வளவு என்ற விவாதம் பகிரங்கமாக எழுந்தது. 2024-ம் ஆண்டில் சந்தோஷ் நாராயணன், அந்தப் பாட்டின் மூலம் தங்களுக்கு வருமானமே வரவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார்.

உலகம் முழுவதும் ஓடிய பாட்டுக்கே இந்தக் கதி என்றால், நெய்வேலி வாலிபர் எவ்வளவு விழிப்பாக இருக்க வேண்டும்!

நெய்வேலியில் சுரங்க வேலை தொடங்கிய அதே 1957-ம் ஆண்டில்தான் இந்தியாவின் பதிப்புரிமைச் சட்டமும் நிறைவேறியது. அது சொல்வதைப் பாடகர்கள் மட்டும் அல்ல, பெற்றோர்களும் தெரிந்துகொள்வது நல்லது.

சொந்தமாக ஒரு பாட்டு எழுதினால், எழுதிய உடனேயே உரிமை எழுதியவருக்கு. பதிவு செய்தால்தான் உரிமை என்பது இல்லை. எழுதியவர் வாழ்நாள் முழுவதும் அந்த உரிமை இருக்கும். அவர் மறைந்த பிறகும் 60 ஆண்டுகள் வாரிசுகளுக்கு இருக்கும். உரிமையை மற்றவருக்குக் கொடுப்பதென்றால் எழுத்து மூலம் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். எத்தனை ஆண்டுக்கு என்று குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுக்கு என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும்.

2012-ம் ஆண்டு இந்தச் சட்டம் திருத்தப்பட்டது. பாட்டு எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் ராயல்டியில் பங்கு உண்டு என்றும், அந்தப் பங்கை விட்டுக்கொடுத்து அவர்கள் கையெழுத்துப் போட்டாலும் அது செல்லாது என்றும் திருத்தம் சொல்கிறது. வாரிசுக்கோ, பதிப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டுமே அதைக் கொடுக்கலாம்.

நிலத்தைக் கொடுக்கும்போது பத்திரத்தைப் படிக்காமல் கைநாட்டு வைத்து ஏமாந்தவர்களின் கதை நம் நாட்டில் ஏராளம். பாட்டும் ஒரு நிலம்தான். படிக்காமல் கையெழுத்துப் போடக்கூடாது.

பெற்றோர் பயப்பட வேண்டாம்

"பாடினால் சோறு கிடைக்குமா?" என்று தகப்பனார் கேட்பார். கேட்பது நியாயம். அவர் இரவும் பகலும் மாறி மாறி உழைத்துக் குடும்பத்தைக் காப்பாற்றியவர். பிள்ளை நிலையான வேலையில் அமர வேண்டும் என்று நினைப்பதில் தவறு இல்லை.

படிப்பை விடு, வேலையை விடு என்று எந்தப் பிள்ளைக்கும் யோசனை சொல்லத் தேவை இல்லை. பில் விதர்ஸ் பாட்டு வெளிவந்த பிறகும் தொழிற்சாலை வேலையை உடனே விடவில்லை. சோறு போடும் வேலையை அவர் கேவலமாக நினைக்கவில்லை. அந்த வேலைதான் அவர் பாட்டுக்கு உரம் போட்டது.

ஆகவே, பிள்ளை சாயங்காலம் ஒரு மணி நேரம் கிதாரோடு உட்கார்ந்தால் தாய் தந்தையர் தடுக்க வேண்டாம். பெண் பிள்ளை என்றால் இரண்டு மடங்கு ஊக்கம் கொடுக்க வேண்டும். தாலாட்டும் ஒப்பாரியும் நடவுப் பாட்டும் தந்தவர்கள் பெண்கள்தானே!

செய்ய வேண்டியது என்ன?

முதலில், பழைய பாட்டுகளைச் சேகரிக்க வேண்டும். சுரங்கத்துக்காகப் பெயர்ந்த கிராமங்களில் பிறந்த பாட்டிமார்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் நெஞ்சில் நடவுப் பாட்டும், ஒப்பாரியும், இப்போது இல்லாத ஏரி குளங்களின் பெயர்களும் இருக்கின்றன. இன்று செல்போன் இல்லாத வீடு அருமை. பேரப் பிள்ளைகள் பாட்டியின் அருகில் உட்கார்ந்து பதிவு செய்யலாம். பாடியவர் பெயர், பிறந்த ஊர், பதிவு செய்த தேதி மூன்றையும் எழுதி வைக்க வேண்டும். பள்ளி ஆசிரியர்கள் இதை விடுமுறை வேலையாகவே கொடுக்கலாம்.

இரண்டாவது, மேடை வேண்டும். புத்தகக் கண்காட்சிக்குப் பெயர் பெற்ற ஊர் நெய்வேலி. இனி நடக்கும் ஒவ்வொரு கண்காட்சியிலும் ஒரு மாலையைச் சொந்தப் பாட்டு பாடுவோருக்கு ஒதுக்கலாம். நிபந்தனை ஒன்றே ஒன்று: சொல்லும் மெட்டும் பாடுபவருடையதாக இருக்க வேண்டும்.

மூன்றாவது, மனம் வேண்டும். சொந்தப் பாட்டு என்றால் புகழ்ச்சி மட்டும் இருக்காது. மின்சாரத்தின் பெருமை வரும். நிலம் போன துயரமும் வரும். அதிகாரி வீட்டுப் பூந்தோட்டமும் வரும். ஒப்பந்தக் கூலியின் பழைய சைக்கிளும் வரும். நிர்வாகமும் சங்கங்களும் இரண்டையும் கேட்கும் பொறுமை உள்ளவர்களாக இருக்க வேண்டும். பாட்டை அடக்கினால் குறை மறையாது. கேட்டால் குறை தீர வழி பிறக்கும்.

பாட வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஜமைக்காவின் தாளத்தை வாங்கிக்கொள்ளலாம். அமெரிக்காவின் உருக்கத்தையும் வாங்கிக்கொள்ளலாம். கதையை மட்டும் கடன் வாங்க வேண்டாம். நெய்வேலிப் பாட்டில் நெய்வேலித் தமிழ் இருக்கட்டும். வட்டமும், சைரனும், முந்திரிப் பூ வாசமும், வெயிலில் பறக்கும் கரித்தூளும் இருக்கட்டும்.

நிலக்கரி ஒரு நாள் தீரும். பூமிக்கு அடியில் எவ்வளவு இருந்தாலும் அதற்கு ஓர் அளவு உண்டு. கரியை எரிப்பதைக் குறைக்க வேண்டும் என்று உலகமே பேசும் காலம் இது. ராட்சத இயந்திரங்கள் ஒரு நாள் ஓயும். அந்த நாளில் பிறக்கும் குழந்தை, "இங்கே யார் இருந்தார்கள்? என்ன செய்தார்கள்?" என்று கேட்கும்.

அந்தக் குழந்தைக்குப் பதில் சொல்ல ஒரு பாட்டு தயாராக இருக்க வேண்டும். அதை எழுத வேண்டியவர்கள் இன்றைய நெய்வேலிப் பிள்ளைகள். எழுத விட வேண்டியவர்கள் பெரியவர்கள்!